அந்தப் பக்கத்து அறையில் யார் இருக்கிறார்கள்?

சிறையில் இருக்கும் ஒருவரை மனநல மருத்துவர் வீடியோவில் பார்த்துச் சிகிச்சை தரலாமா, கூடாதா என்று என்னிடம் கேட்பவர்கள் நிறைய. கேட்பவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் கேமராவும் நெட் வேகமும்தான். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. திரைக்கு அந்தப் பக்கம் நோயாளி உட்கார்ந்திருக்கும் அறை எப்படி இருக்கிறது? கதவு சாத்தியிருக்கிறதா? நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நர்ஸா, காவலரா? நான் அழைப்பை முடித்த பிறகு அடுத்த அரை மணி நேரம் அவரோடு யார் இருப்பார்கள்? இதற்கெல்லாம் நல்ல பதில் இருந்தால் சுமாரான வீடியோவே போதும். இல்லையென்றால் எவ்வளவு துல்லியமான திரையை வாங்கி வைத்தாலும் அதை மருத்துவம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. தடயவியல் மனநல மருத்துவத்தில் இருந்துகொண்டு நான் வந்து சேர்ந்திருக்கும் முடிவு இது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

துறையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக நாலு வரி. தடயவியல் மனநல மருத்துவம் என்றதும் கைரேகை, பிரேதப் பரிசோதனை என்று நினைத்துவிடுகிறார்கள். மனநோயும் சட்டமும் சந்திக்கிற இடம் இது. எங்களிடம் வருபவர்களில் விசாரணைக் கைதிகள் உண்டு, தண்டனைக் கைதிகள் உண்டு, நோயின் பிடியில் செய்ததற்கு இவர் பொறுப்பில்லை என்று நீதிமன்றம் சொல்லிப் பாதுகாப்பு மிகுந்த மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டவர்கள் உண்டு, அங்கிருந்து நிபந்தனைகளோடு வெளியே வந்து வாழ்பவர்களும் உண்டு. நாங்கள் செய்வதும் ஒரே வேலை கிடையாது. ஒரு பக்கம் சிகிச்சை. இன்னொரு பக்கம், இவர் விசாரணையை எதிர்கொள்ளும் மனநிலையில் இருக்கிறாரா, மறுபடி வன்முறையில் இறங்கும் ஆபத்து எவ்வளவு என்றெல்லாம் நீதிமன்றத்துக்கு எழுதிக் கொடுக்கும் மதிப்பீடு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வீடியோ பற்றிய பேச்சில் பாதித் தகராறே வருகிறது. அதைப் பின்னால் விளக்குகிறேன்.

தேவை எவ்வளவு என்று பார்த்தால் மலைப்பாக இருக்கும். 24 நாடுகளில் 33,000-க்கும் மேற்பட்ட கைதிகளிடம் நடந்த ஆய்வுகளைச் சேர்த்து அலசி 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. ஆண் கைதிகளில் 3.6 சதவீதம் பேருக்கும் பெண் கைதிகளில் 3.9 சதவீதம் பேருக்கும் மனச்சிதைவு போன்ற தீவிர மனநோய் இருந்தது. கடுமையான மனச்சோர்வு ஆண்களில் சுமார் 10 சதவீதம், பெண்களில் 14 சதவீதம். வெளியில் இருக்கும் மக்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. ஆனால் சிறைக்குப் போய் நோயாளியைப் பார்க்க முன்வரும் மனநல மருத்துவர்கள் எங்கேயும் குறைவு, அதிலும் சட்டம் தொடர்பான பயிற்சி உள்ளவர்கள் இன்னும் குறைவு. சிறைகளையும் பாதுகாப்பு மருத்துவமனைகளையும் ஊருக்கு வெளியே தள்ளி வைப்பது வழக்கம் என்பதால் தூரம் வேறு சேர்ந்துகொள்கிறது.

சரி, மருத்துவர் போக முடியவில்லை, நோயாளியைக் கூட்டி வரலாமே என்பார்கள். ஒரு கைதியை வெளி மருத்துவமனைக்குக் கூட்டிப் போவது என்றால் வழிக்காவலுக்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், உத்தரவு வேண்டும், அன்றைக்குச் சிறைக்குள் வேறு பிரச்சினை எதுவும் வெடிக்காமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினால் அப்பாயின்ட்மென்ட் போச்சு. இங்கிலாந்தில் நஃபீல்ட் டிரஸ்ட் என்ற ஆய்வு அமைப்பு 2017/18-ஆம் ஆண்டின் பதிவுகளை எடுத்துப் பார்த்தபோது, கைதிகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த புறநோயாளி அப்பாயின்ட்மென்ட்களில் 40 சதவீதம் நடக்காமலே போயிருந்தது. ஓரளவு வசதியுள்ள ஒரு அமைப்பிலேயே இந்த நிலை.

எண்ணிக்கையில் தெரியாத ஒன்றும் இருக்கிறது. அந்தப் பயணம் நோயாளியை என்ன செய்கிறது என்பது. அதிகாலையிலேயே எழுப்பி, சோதனை போட்டு, கைவிலங்கு மாட்டி, வண்டியில் ஏற்றி, பொது மருத்துவமனையின் வராந்தாவில் எல்லோரும் பார்க்க உட்கார வைக்கிறோம். தன்னை யாரோ பின்தொடர்கிறார்கள், தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று ஏற்கெனவே நம்பிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இதைவிட மோசமான காலை இருக்க முடியுமா? இரண்டு பக்கமும் சீருடைக்காரர்கள். வருகிறவர் போகிறவர் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். அவருடைய பயத்துக்கு அன்றைக்கு நிஜமாகவே சாட்சி கிடைத்துவிடுகிறது. அப்படி வந்து என் எதிரே உட்காரும் மனிதரிடம் நான் பார்ப்பது அவருடைய நோயையா, அந்தப் பயணத்தையா என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். வீடியோ வந்ததில் எனக்கு மிகப் பெரிய நிம்மதி இதுதான். தன் வார்டிலிருந்து ஐம்பது அடி நடந்து வந்து, தெரிந்த நர்ஸோடு உட்கார்ந்து பேசிவிட்டுத் திரும்பிப் போகிறார். சாப்பாடு தவறவில்லை, அறை மாறவில்லை, யார் முன்னாலும் விலங்கோடு நிற்கவில்லை.

வெளியில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டும் என்று ஐநா 2015-ல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளின் 24-ஆவது விதி சொல்கிறது. தீவிர மனநோய் இருந்து, சிறையில் இருப்பதால் அது இன்னும் மோசமாகும் என்றால் அவரைச் சிறையிலேயே வைத்திருக்கக் கூடாது என்கிறது 109-ஆவது விதி. வீடியோ முதல் விதியை நோக்கி ஒரு அடி எடுத்து வைக்கிறது. இரண்டாவது விதியை மறக்கவைக்கவும் அதே வீடியோ பயன்படலாம், அதுதான் எனக்குக் கவலை. மருத்துவமனைக்கு மாற்ற வேண்டியவரை மாற்றாமல், 'அதான் டாக்டர் திரையில் பார்த்துட்டாரே' என்று கோப்பை மூடிவிடுவது சுலபம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்வதில்லை. ஆள் பற்றாக்குறை இருக்கும் இடத்தில் சுலபமான வழி தானாக வழக்கமாகிவிடும், அவ்வளவுதான்.

வீடியோ சிகிச்சை கொரோனா காலத்தில் முளைத்த விஷயம் என்று பலர் நினைக்கிறார்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் 1959-லேயே இருவழித் தொலைக்காட்சி வைத்துக் குழு சிகிச்சை நடத்திப் பார்த்திருக்கிறார்கள். 1964-ல் அங்கிருந்து 112 மைல் தள்ளி இருந்த நார்ஃபோக் அரசு மனநல மருத்துவமனையோடு இணைப்புக் கொடுத்தார்கள். கொரோனா செய்தது, தயங்கிக்கொண்டிருந்த எல்லோரையும் ஒரே வாரத்தில் உள்ளே தள்ளியதுதான்.

காதில் குரல் கேட்பவரை, டிவியில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று நம்புகிறவரை, திரைக்கு முன்னால் உட்கார வைத்தால் நோய் முற்றிவிடாதா? ஆரம்பத்தில் துறை முழுக்க இந்தப் பயம் இருந்தது. ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொன்னது, தீவிர மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் வீடியோவைச் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்றுதான். என் அனுபவமும் அதுவே. ஆரம்பத்தில் எங்கே உட்காருவது, எதைப் பார்ப்பது என்று தடுமாறுவார்கள், அப்புறம் மறந்துவிடுவார்கள். நேரில் என்னோடு ஒரே அறையில் இருப்பதே அச்சுறுத்தலாகத் தோன்றும் சிலர் வீடியோவில்தான் முதன்முறையாக வாய் திறந்திருக்கிறார்கள். ஆனால் ஒரு சிலருக்கு நிஜமாகவே ஒத்துவராது. யாரோ ஒளிந்திருந்து கண்காணிக்கிறார்கள் என்பதே ஒருவருடைய பிரமையின் மையமாக இருந்தால், சுவரில் கேமரா மாட்டி அதன் முன் பேசச் சொல்வதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று முன்கூட்டியே யோசிக்க வேண்டும். வார்டு நர்ஸிடம் விசாரித்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவரை நேரில் போய்ப் பார்ப்பதுதான் ஒரே வழி.

திரையில் என்னென்ன தொலைந்துபோகிறது என்பதை நிறையப் பேர் சரியாகப் புரிந்துகொள்வதில்லை என்பதால் இதை நிதானமாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, தாமதம். நாம் பேசும்போது ஒருவர் முடிப்பதற்கும் அடுத்தவர் ஆரம்பிப்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சின்னது. பத்து மொழிகளை ஒப்பிட்டு 2009-ல் வெளியான ஆய்வில் அது பொதுவாக 200 மில்லிநொடியை ஒட்டியே இருந்தது. இணைய இணைப்பில் ஒரு திசையில் 150 மில்லிநொடிக்குள் தாமதம் இருந்தால் பரவாயில்லை, 400-ஐத் தாண்டக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்தப் 'பரவாயில்லை' அளவிலேயே போய்வர 300 மில்லிநொடி கூடிவிடுகிறதே, சாதாரண இடைவெளியே இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. இது நண்பர்களோடு பேசும்போது ஒன்றும் செய்யாது. எங்கள் வேலையில் செய்யும். கேள்வி கேட்டால் பதில் வரத் தாமதமாவது மனச்சோர்வின் ஒரு அறிகுறி. பேச்சு நடுவில் நின்றுபோவது மனச்சிதைவின் ஒரு அறிகுறி. உள்ளே கேட்கும் குரலுக்குக் காதுகொடுத்துவிட்டுத் தாமதமாகப் பதில் சொல்வதும் அப்படியே தெரியும். ஆக, நெட் மெதுவாக இருந்தால் அது நோயாளியின் மேல் அறிகுறியாக ஏறிவிடுகிறது. ஒருவருடைய சுதந்திரத்தைப் பற்றிய அறிக்கையில் 'பதிலளிக்கத் தயங்கினார்' என்று எழுதுவதற்கு முன்னால் தயங்கியது அவரா, இணைப்பா என்று தெரிந்திருக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் நர்ஸிடம் கேட்டால் ஒரு நொடியில் சொல்லிவிடுவார். கேட்க ஆள் வேண்டும்.

இரண்டாவது, கண். கேமரா திரைக்கு மேலே இருப்பதால், நான் திரையில் நோயாளியின் முகத்தைப் பார்த்தால் அவருக்கு நான் கீழே குனிந்து பார்ப்பது போலத் தெரியும். அவர் என்னைப் பார்த்தாலும் அதே கதை. 'கண்ணைப் பார்த்துப் பேசவில்லை' என்பது மனநிலைப் பரிசோதனைக் குறிப்புகளில் சர்வசாதாரணமாக வரும் வரி. வீடியோவில் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதக் கூடாது என்பது என் கட்சி.

மூன்றாவது, உடம்பு. மனநோய் மருந்துகளில் பலவற்றுக்குப் பக்கவிளைவாகத் தசை இறுக்கம், கை நடுக்கம், ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்பு எல்லாம் வரும். தசை இறுக்கம் இருக்கிறதா என்று பார்க்க அவர் கையைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்க்க வேண்டும், திரை வழியாக அது முடியாது. மார்புக்கு மேலே மட்டும் படம் தெரிந்தால் மேசைக்கு அடியில் கால் ஓயாமல் ஆடிக்கொண்டிருப்பது தெரியாது. அந்தத் தவிப்பைக் கவனிக்காமல் 'கிளர்ச்சியாக இருக்கிறார்' என்று மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். குளோசபின் என்ற மனச்சிதைவு மருந்து எடுப்பவருக்கு வெள்ளையணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பரிசோதிக்க வேண்டும், எடை, இரத்த அழுத்தம், மலச்சிக்கல் எல்லாம் கவனிக்க வேண்டும். குளிக்காத வாடை, சாராய வாடை, புண்ணின் வாடை எதுவும் எனக்கு வந்து சேராது. இதையெல்லாம் சொல்ல அங்கே இன்னொரு ஜோடிக் கண்ணும் கையும் மூக்கும் இருந்தே ஆக வேண்டும்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமானது: அந்த அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. கேமராவின் ஓரத்துக்கு வெளியே ஒரு காவலர் நின்றுகொண்டிருக்கலாம். நோயாளி சொல்லமாட்டார், எப்படிச் சொல்வார்? பாதுகாப்புக்காகக் காவலர் இருக்க வேண்டிய சூழ்நிலைகள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தன்னை அடித்தவரைப் பற்றி, தனக்கு நடந்த பாலியல் வன்முறையைப் பற்றி, தூக்குப் போட்டுக்கொள்ளும் யோசனையைப் பற்றி ஒருவர் தன்னைப் பூட்டி வைத்திருப்பவரின் முன்னால் எப்படிப் பேசுவார்? 'நல்லா இருக்கேன் டாக்டர், தூக்கம் வருது, சாப்பிடுறேன்' என்பார். நானும் 'சீராக உள்ளார்' என்று எழுதுவேன். நேரில் போயிருந்தால் கதவைச் சாத்தச் சொல்லிக் கேட்டிருப்பேன், கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், காது கேட்கும் தூரத்தில் வேண்டாம் என்று பேசி ஒரு ஏற்பாட்டுக்கு வந்திருப்பேன். திரையில் இருந்துகொண்டு பேரம் பேசும் பலம் பாதியாகிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு அழைப்பிலும் கேமராவை அறை முழுக்க ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டச் சொல்வது என் வழக்கம், என் அறையையும் சுற்றிக் காட்டுவேன். என் பக்கத்திலும் யாரும் ஒளிந்திருந்து கேட்கவில்லை என்று தெரிந்துகொள்ள அவருக்கும் உரிமை இருக்கிறதே. முதல் தடவை இதைச் செய்யும்போது சிலர் முகத்தில் இருக்கும் இறுக்கம் தளர்வது கண்ணுக்குத் தெரியும்.

இந்த வேலை முழுவதும் அந்தப் பக்கத்து அறையில் இருக்கும் நர்ஸின் தோளில்தான் நிற்கிறது. கேமராவை ஆன் செய்துவிட்டு வெளியே போகிறவரை நான் சொல்லவில்லை. முந்தைய வாரம் முழுவதும் நோயாளியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அவர் ராத்திரி யாரோடு பேசினார், எந்த வேளை மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கினார், எந்தக் கடிதம் வந்ததும் சாப்பாட்டை நிறுத்தினார் என்றெல்லாம் தெரிந்தவர். நான் பேசி முடித்ததும் அந்த நர்ஸ் அங்கேயே இருக்கிறார். பழைய ரணம் எதையாவது கிளறிவிட்டு நான் சிவப்பு பட்டனை அழுத்திவிட்டுப் போகலாம், நோயாளி அப்படிப் போக முடியாது, திரை இருண்டதும் அதே அறையில் அதே ரணத்தோடு உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு மனிதர் இருந்து, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, நடந்து வார்டு வரை கூடவே போவது சிகிச்சையின் ஒரு பகுதி. வீடியோ வந்தால் ஆள் செலவு மிச்சம் என்று நிர்வாகங்கள் கணக்குப் போடும்போது முதலில் வெட்டப்படுவது இந்த நர்ஸ்தான். ஒரு கூட்டத்தில் இதைப் பற்றி நான் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருந்தது, மறுபடி நடந்தால் மறுபடியும் பேசுவேன்.

இணைப்பு அறுந்துபோனால் என்ன என்பதையும் முன்னாலேயே பேசி வைத்திருக்க வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றி ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது படம் உறைந்துபோனால் அடுத்த நிமிடம் யார் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும், பொறுப்பு மருத்துவர் யார், நோயாளியைத் தனியாக விடக் கூடாது என்று யார் சொல்வது, இவையெல்லாம் அழைப்புத் தொடங்கும் முன்பே இரு தரப்புக்கும் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் தொலைமருத்துவச் சங்கமும் சேர்ந்து 2018-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அவசரகால ஏற்பாட்டுக்கு முக்கிய இடம் உண்டு. எழுதி வைத்திருப்பதோடு நிற்காமல் ஒருமுறை ஒத்திகையும் பார்த்துவிடுவது நல்லது.

இப்போது முன்னால் சொன்ன குழப்பத்துக்கு வருகிறேன். சிகிச்சை தரும் மருத்துவர் நோயாளியின் பக்கம் இருப்பவர். நீதிமன்றத்துக்கு அறிக்கை தருபவர் அப்படி இல்லை, அவர் நீதிமன்றத்தின் கேள்விக்குப் பதில் தேடி வந்தவர், அவரிடம் சொல்வது அறிக்கையில் ஏறும். ஒரே நோயாளிக்கு இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் செய்யக் கூடாது என்பது துறையில் பழைய பாடம். மதிப்பீட்டுக்குப் போகும்போது முதல் வேலையாக, நான் உங்கள் டாக்டர் இல்லை, நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்காது, பதில் சொல்ல மறுக்கலாம் என்று விளக்கிவிட்டு, புரிந்ததை அவருடைய வார்த்தையில் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். வீடியோவில் இது இன்னும் சிக்கலாகிறது. அதே அறை, அதே திரை, போன வாரம் இதே திரையில் வந்து அன்பாகப் பேசிய டாக்டர், இந்த வாரம் வேறொரு முகம். இவர் எதற்கு வந்தவர் என்பது அவருக்கு எப்படித் தெளிவாகும்? முடிந்தால் மதிப்பீட்டுக்கு வேறு அறையைக் கேட்கிறேன். கூடவே வக்கீல் இருக்க வேண்டும் என்று நோயாளி விரும்பினால் அவரும் அங்கே நேரில் இருப்பதே நல்லது, திரையின் மூன்றாவது கட்டத்தில் இன்னொரு சின்ன முகமாக வருவதில் அதிகப் பயன் இல்லை.

மதிப்பீடே வீடியோவில் நம்பகமாக இருக்குமா என்றால், சில கருவிகளுக்கு இருக்கிறது. விசாரணையை எதிர்கொள்ளும் திறனை அளக்கும் மேக்கேட்-சிஏ என்ற கட்டமைப்புள்ள நேர்காணலை நேரிலும் வீடியோவிலும் செய்து ஒப்பிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று 2006-ல் வந்தது, மதிப்பெண்கள் நன்றாகவே ஒத்துப்போயின. அடுத்த ஆண்டு வந்த இன்னொரு சிறிய ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஹெச்சிஆர்-20 போன்ற வன்முறை ஆபத்து மதிப்பீட்டில் பெரும் பகுதி பழைய பதிவுகளையும் மற்றவர்களிடம் விசாரித்ததையும் நம்பியிருக்கிறது, அதற்கு வீடியோ பெரிய தடை இல்லை. ஆனால் மதிப்பெண் ஒத்துப்போவது ஒரு விஷயம், தனக்கு நியாயம் நடந்தது என்று அந்த மனிதர் உணர்வது இன்னொரு விஷயம். நடிக்கிறாரா என்று சந்தேகம் வரும் வழக்குகளில், அறிவுத்திறன் குறைபாடு இருப்பவர்களிடத்தில், கொலை வழக்கில் குற்றப் பொறுப்பைப் பற்றிய கேள்வியில் நான் நேரில் போவேன். தூரம் என்றாலும் போவேன்.

திரை தீர்ப்பை மாற்றும் என்பதற்கு எனக்குத் தெரிந்த மிக வலுவான உதாரணம் சிகாகோ இருக்கும் குக் கவுண்டியிலிருந்து வருகிறது. அங்கே 1999-ல் பெரும்பாலான ஜாமீன் விசாரணைகளை வீடியோவுக்கு மாற்றினார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, வீடியோவுக்கு மாறிய வகை வழக்குகளில் ஜாமீன் தொகை சராசரியாக 51 சதவீதம் ஏறியிருந்தது. இந்த முறையை எதிர்த்து வழக்குப் போடப்பட்ட பிறகு 2008 கடைசியில் மறுபடி நேரடி விசாரணைக்கே திரும்பிவிட்டார்கள். இது மனநலம் சம்பந்தப்பட்டது இல்லைதான். ஆனாலும் நீதிபதிக்கு முன்னால் உடம்போடு நிற்பதற்கும் மங்கலான கருப்பு வெள்ளைப் படமாக வருவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பது அந்த எண்ணில் இருக்கிறது. மருந்தின் பக்கவிளைவால் முகத்தில் அசைவே இல்லாமல் போன ஒருவர் அந்தத் திரையில் எப்படித் தெரிவார்? மனம் வருந்தாதவர் போலத் தெரிவார்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்வி நீதிமன்றம் வரை போனது. அங்கே ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராக மனநல மருத்துவமனையில் வைக்க வேண்டுமானால் 1983-ஆம் ஆண்டின் மனநலச் சட்டப்படி மருத்துவர் அவரை நேரடியாகப் பரிசோதித்திருக்க வேண்டும். கொரோனா சமயத்தில் வீடியோவில் பார்த்தால் போதும் என்று ஒரு விளக்கம் நடைமுறைக்கு வந்தது. 2021 ஜனவரியில் உயர் நீதிமன்றம் போதாது என்று சொல்லிவிட்டது, உடல்ரீதியாக அவர் முன்னால் இருந்தாக வேண்டும் என்றது. பெருந்தொற்று உச்சத்தில் இருந்தபோது வந்த தீர்ப்பு இது, மருத்துவமனைகளுக்கு அது எவ்வளவு சிரமம் என்பது நீதிபதிகளுக்கும் தெரியும். இருந்தும் அப்படிச் சொன்னார்கள். நான் அந்தத் தீர்ப்போடு முழுக்க உடன்படுகிறேன். மருந்தை மாற்ற, தூக்கத்தைப் பற்றிப் பேச, மாதாந்திரமாக எப்படி இருக்கிறார் என்று பார்க்க, மனச்சிகிச்சையின் வாராந்திர அமர்வுக்கு வீடியோ போதும். ஒருவரைப் பூட்டலாம் என்று கையெழுத்துப் போடுவதற்கு நாம் கிளம்பிப் போகத்தான் வேண்டும். அவருடைய வாழ்க்கையின் அடுத்த சில வருடங்களைத் தீர்மானிக்கப் போகிறோம், அதற்கு ஒரு நாளைச் செலவழிக்க முடியாதா?

வீடியோ தன் முழு மதிப்பையும் காட்டுவது நோயாளி வெளியே வந்த பிறகுதான் என்று நினைக்கிறேன். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. சிறையிலிருந்து விடுதலையாகும் நாளைச் சந்தோஷமான நாளாகவே எல்லோரும் கற்பனை செய்கிறார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007-ல் வெளியான ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் இறக்கும் ஆபத்து பொதுமக்களைவிட 12.7 மடங்காக இருந்தது. போதைப்பொருள் அளவு மீறியதுதான் முதல் காரணம், தற்கொலையும் கொலையும் இதய நோயும் பட்டியலில் உண்டு. இந்த இரண்டு வாரத்தில் நடப்பது என்ன? சிறை மருத்துவரின் பொறுப்பு வாசலோடு முடிந்தது, வெளியில் இருக்கும் மருத்துவமனையில் முதல் அப்பாயின்ட்மென்ட் எப்போதோ, கையில் இருப்பது சில நாள் மாத்திரை. விடுதலைக்கு முன்பே வெளி மருத்துவரை வீடியோவில் அறிமுகப்படுத்தி, சிறை நர்ஸ், நோயாளி, புது மருத்துவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசிவிட்டால், வெளியே வந்ததும் அவர் தேடிப் போகப்போவது தெரிந்த முகத்தை. அழைத்தால் எடுப்பார் என்ற நம்பிக்கையும் இருக்கும். இதைச் செய்ய பெரிய பணம் தேவையில்லை, இரண்டு பக்கத்து நாட்குறிப்பிலும் ஒரே நேரத்தைக் குறிக்கிற ஒழுங்கு மட்டும் வேண்டும், அதற்கே இவ்வளவு பாடு. அப்புறம் அவர் கையில் போனும் டேட்டாவும் இருக்கிறதா, தனியாகப் பேச இடம் இருக்கிறதா என்பதையும் விடுதலைத் திட்டத்தில் எழுத வேண்டும். ஒரே அறையில் பத்துப் பேர் தங்கும் விடுதியிலிருந்து யாரும் தன் மனதைத் திறக்கப் போவதில்லை.

குடும்பம் பார்க்க முடியாத தூரத்தில் இருக்கும் பாதுகாப்பு மருத்துவமனைகளில் அம்மாவும் அக்காவும் சிகிச்சைக் கூட்டத்தில் வீடியோ வழியே கலந்துகொள்வது, சைகை மொழி மட்டுமே தெரிந்த நோயாளிக்கு எங்கோ இருக்கும் மொழிபெயர்ப்பாளரைத் திரைக்குக் கொண்டுவருவது, இதெல்லாம் வீடியோ இல்லாமல் நடந்திருக்கவே நடந்திருக்காது. சைகை மொழிக்கு மட்டும் படம் தெளிவாகவும் தடையில்லாமலும் இருக்க வேண்டும், உறைந்து உறைந்து வந்தால் பாதி வாக்கியம் காணாமல் போகும்.

சம்மதம் பற்றி ஒன்று. பூட்டிய இடத்தில் இருக்கும் ஒருவரிடம் 'வீடியோ ஓகேவா?' என்று கேட்டால் சரி என்றுதான் சொல்வார். மறுத்தால் தன் மேல் கோபம் வரும், மருந்து வராது, ஜாமீன் தள்ளிப்போகும் என்ற பயம் இருக்கும். அதனால் வேண்டாம் என்றால் என்ன கிடைக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: இன்ன தேதிக்குள் நேரில் ஒருவர் வருவார், அதுவரை மருந்து நிற்காது, மறுத்தது உங்களுக்கு எதிராக எழுதப்படாது. அந்த மாற்று வழி உண்மையிலேயே இருந்தால்தான் இப்படிச் சொல்ல முடியும். பதிவு செய்கிறார்களா, எங்கே சேமிக்கிறார்கள், யார் பார்க்கலாம் என்பதும் கேட்காமலேயே சொல்லப்பட வேண்டும். சிகிச்சை அமர்வுகளைப் பதிவு செய்யவே கூடாது என்பது என் கருத்து.

வீடியோவில் பார்த்து அறிக்கை எழுதும் சக மருத்துவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது, எப்படிப் பார்த்தோம் என்பதை முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். வீடியோவில் பார்த்தேன், இத்தனை நிமிடம், இணைப்பு இத்தனை தடவை அறுந்தது, அறையில் இன்னார் இருந்தார்கள், காவலர் கதவுக்கு உள்ளேயா வெளியேயா, இன்னதைப் பரிசோதிக்க முடியவில்லை, அதனால் இன்ன முடிவை நான் எடுக்கவில்லை. நீதிபதிக்கு அது தெரிய வேண்டும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரிய வேண்டும். உள்ளே இருப்பவரின் குடும்பத்தார் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் வக்கீலிடம் இந்த விவரங்கள் அறிக்கையில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள், நேரில் ஒரு பரிசோதனை வேண்டும் என்று மனு போடவும் கேட்கலாம்.